மூச்சும் தசையின் வேலைதான்



தென்னை மரத்திலிருந்தோ கட்டடச் சாரத்திலிருந்தோ விழுந்து, அல்லது சாலை விபத்தில் சிக்கி, முதுகெலும்பு முறிந்த ஒருவரை மருத்துவமனையில் சேர்த்ததும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, ‘மறுபடியும் நடப்பாரா?’ என்பதுதான். கேட்பதில் தவறே இல்லை. அறுவை சிகிச்சை முடிந்ததும் மருத்துவர்களும் காலைத்தான் பார்க்கிறார்கள்: கட்டைவிரல் அசைகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று. ஆனால் தண்டுவடமும் அடிபட்டிருந்தால், அந்த நோயாளியின் உயிரைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கால் அல்ல. தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களின் இறப்புக்கு, முதல் ஆண்டிலும் சரி, அதற்குப் பின்னும் சரி, முன்னணிக் காரணமாக நிற்பது நுரையீரல் கோளாறு, அதிலும் நிமோனியா. ஆகவே ‘நடப்பாரா?’ என்பதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ‘நன்றாக இருமுகிறாரா?’ மூச்சுத் தசைகளும் கை கால் தசைகளைப் போலவே பலம் அளந்து, சுமை கொடுத்து, படிப்படியாகப் பயிற்ற வேண்டியவை. அந்தப் பயிற்சி முறிவுக்கான சிகிச்சையில் ஒரு பகுதி; நேரம் மிஞ்சினால் சேர்த்துக்கொள்ளும் உபரி வேலை அல்ல. இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

மூச்சு என்றதும் நமக்கு நுரையீரல் நினைவுக்கு வருகிறது. நுரையீரலுக்குத் தானாக விரியும் சக்தி கிடையாது. அதை விரிய வைப்பவை தசைகள். அவற்றில் முதன்மையானது உதரவிதானம். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் கவிந்திருப்பது. அது சுருங்கிக் கீழிறங்கும்போது காற்று உள்ளே வருகிறது. அதற்குரிய நரம்பு கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் கூறுகளிலிருந்து கிளம்புகிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளுக்கு நெஞ்சுத் தண்டுவடத்தின் கூறுகள் வரிசையாக நரம்பு அனுப்புகின்றன. வயிற்றுத் தசைகளுக்கு நெஞ்சுத் தண்டுவடத்தின் கீழ்ப்பாதி. ஆகவே தண்டுவடம் எந்த உயரத்தில் அடிபட்டது என்று தெரிந்தால், எந்தத் தசை மிஞ்சியிருக்கிறது என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். கழுத்தின் மூன்றாம் கூறுக்கு மேலே முழுமையாக அறுபட்டால் வென்டிலேட்டர் இல்லாமல் மூச்சு இல்லை. ஆறாம் கூறு என்றால் உதரவிதானம் தப்பிவிடும். விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலற்றுப் போகும். அப்படிப்பட்டவர் மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பும், மார்பின் மேற்பகுதி உள்ளே அமுங்கும். உதரவிதானம் இழுக்கிற இழுப்பில் ஒரு பகுதி, தளர்ந்துபோன மார்புச் சுவரை உள்வாங்குவதிலேயே வீணாகிறது. முதல் வாரத்தில் இவர்களுடைய முழுமூச்சின் கொள்ளளவு, இருக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடக்கூடும். வாரங்கள் செல்லச் செல்ல மார்புச் சுவர் விறைப்படைந்து, உதரவிதானத்துக்குப் பிடிமானம் கிடைக்கிறது. மூன்று மாதத்தில் அந்தக் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாவதை 1981லேயே அளந்து எழுதியிருக்கிறார்கள். நோயாளி மிகவும் பலவீனமாக இருப்பதும், சளி கட்டுவதும், நிமோனியா வருவதும் இந்த முதல் வாரங்களில்தான். அப்போது கைவிட்டுவிட்டு மூன்றாம் மாதத்தில் பயிற்சியைத் தொடங்குவதில் என்ன பயன்?

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: ‘ஒரு நாளைக்கு 20,000 தடவை தானாக நடக்கும் வேலைக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு?’ நியாயமான கேள்வி. பல மருத்துவமனைகளில் இந்த எண்ணம்தான் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கிறது. அமைதியாக மூச்சு விடும்போது தசைகள் உண்டாக்கும் அழுத்தம் சில சென்டிமீட்டர் நீர் உயரம் மட்டுமே. நல்ல உடல்நிலையில் உள்ள இளைஞர் முழு பலத்தோடு இழுத்தால் அது 100 சென்டிமீட்டரை எட்டும். அன்றாட மூச்சு அந்தப் பலத்தின் ஓரத்தைத்தான் தொடுகிறது. தினமும் கடைக்கு நடந்து போய் வருகிறவருக்கு அதனாலேயே மூட்டை தூக்கும் பலம் வந்துவிடுமா? காய்ச்சல் வரும்போதும், சளி அடைக்கும்போதும், சக்கர நாற்காலியைச் சரிவில் தள்ளி ஏற்றும்போதும் தேவைப்படுவது அந்த மிச்சப் பலம். தானாக நடப்பதால் இந்தத் தசை நலியாது என்ற நம்பிக்கையும் தவறு. அமெரிக்காவில் சான்ஃபோர்டு லெவைனும் அவருடைய குழுவினரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதைக் காட்டியது. மூளைச்சாவு அடைந்து, உறுப்பு தானத்துக்காக 18 முதல் 69 மணி நேரம் வரை வென்டிலேட்டரில் வைக்கப்பட்ட 14 பேரின் உதரவிதானத்தை அவர்கள் பரிசோதித்தார்கள். தசை நார்களின் குறுக்குப் பரப்பு, மெதுவாக இயங்கும் நார்களில் 57 விழுக்காடும் வேகமாக இயங்கும் நார்களில் 53 விழுக்காடும் குறைந்திருந்தது. மூன்று நாள்கூட ஆகவில்லை. கட்டுப்போட்ட கால் மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது, கவலைப்படுகிறோம். உதரவிதானம் மெலிவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இருமலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். நல்ல இருமலுக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலில் ஆழமாக மூச்சை இழுக்க வேண்டும். அடுத்து குரல்வளை மூடிக்கொள்ள, வயிற்றுத் தசைகள் இறுகி உள்ளே அழுத்தத்தை ஏற்ற வேண்டும். பிறகு குரல்வளை சட்டென்று திறந்து காற்று பாய வேண்டும். அந்தப் பாய்ச்சல்தான் சளியை அள்ளி வருகிறது. அதன் வேகம் நிமிடத்துக்கு 160 லிட்டருக்குக் கீழே போனால் சளியை வெளியேற்றுவது மிகவும் கடினம் என்று, தசை நலிவு நோயாளிகளிடம் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் பாக் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். கழுத்தில் அடிபட்டவருக்கு முதல் கட்டம் பாதி, நடுக்கட்டத்தின் அழுத்தம் ஏறக்குறைய இல்லை, அதனால் மூன்றாவதின் பாய்ச்சலும் வலுவிழக்கிறது. இருமுகிறார், சத்தம் வருகிறது, சளி வருவதில்லை. இதைப் பார்த்து ‘இருமத் தெரிகிறதே’ என்று நிம்மதி அடைவது ஆபத்து. ஆனால் இதே இடத்தில் நம்பிக்கை தரும் செய்தி ஒன்றும் உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரின் ஆய்வாளர்கள் ஆந்த்ரே டி ட்ரோயரும் மார்க் எஸ்டெனும் 1986இல் ஒன்றைக் கண்டறிந்தார்கள். வயிற்றுத் தசையை இழந்தவர்கள், மார்பின் மேற்புறத்தில் காறை எலும்பிலிருந்து இறங்கும் பெரிய மார்புத் தசையைக் கொண்டு மூச்சை வெளியே தள்ளுகிறார்கள். அந்தத் தசைக்கு நரம்பு வருவது கழுத்தின் ஐந்தாம் கூறிலிருந்து ஏழாம் கூறு வரை. அதாவது பலரிடம் அது மிஞ்சியிருக்கும். 1989இல் அவர்களே அந்தத் தசைக்கு ஆறு வாரம் பலப் பயிற்சி கொடுத்து, வெளியேற்றக்கூடிய காற்றின் அளவு கூடுவதைக் காட்டினார்கள். இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு முன்னால் சேர்த்து அழுத்தும் பயிற்சியைக் கைக்கான பயிற்சி என்றுதான் வார்டில் செய்ய வைக்கிறோம். இவருக்கு அது இருமலுக்கான பயிற்சி. நோயாளிக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் அவர் அதை வேறு அக்கறையோடு செய்வார்.

அடுத்த மறுப்பு எலும்பு அறுவை சிகிச்சை செய்பவர்களிடமிருந்து வருகிறது. ‘முறிந்த இடம் கூடும் வரை ஆழ்ந்த மூச்சும் பலமான இருமலும் வேண்டாமே, விலா எலும்பு அசைந்தால் முள்ளெலும்பும் அசையுமே’ என்கிறார்கள். விலா எலும்புகள் முள்ளெலும்போடு மூட்டுப் போட்டு இணைந்திருப்பது உண்மை. நெஞ்சுப் பகுதியில் முறிந்தவருக்கு ஆழ்ந்த மூச்சு வலிக்கும் என்பதும் உண்மை. வலிக்குப் பயந்து அவர் மேலோட்டமாக மூச்சு விடுகிறார். நுரையீரலின் அடிப்பகுதி விரியாமல் சுருங்குகிறது. அங்கே சளி தேங்குகிறது. ஆகவே பயிற்சிக்கு முதல் தேவை போதுமான வலி நிவாரணம். மூச்சை ஒதுக்கி வைப்பது வலிக்கு மருந்தாகாது. படுத்த நிலையில் நிதானமாக இழுக்கும் ஆழ்ந்த மூச்சும், முறிந்த இடத்தை வளைக்கும் அசைவும் ஒன்றல்ல. இந்த வாதம் புதியதும் அல்ல. தண்டுவடம் பாதிக்கப்படாத முள்ளெலும்பு முறிவுகளுக்கு வியன்னாவின் லோரன்ஸ் போலர் எலும்பை நிமிர்த்தி மாவுக்கட்டுச் சட்டை போட்டு நோயாளியை நடமாட வைத்தார். மாஸ்கோவில் வலென்டினா கொரினேவ்ஸ்கயாவும் எலேனா திரேவிங்கும் 1930களில் மாவுக்கட்டையே தவிர்த்தார்கள். தலைப்பக்கம் உயர்த்திய கெட்டிப் படுக்கையில் கிடத்தி, முதுகுத் தசைகளையே கவசமாக வளர்க்க முயன்றார்கள். அந்த முறையில் முதல் நாட்களிலேயே தொடங்குபவை மூச்சுப் பயிற்சிகள். வழி வேறானாலும், அசையாமல் கிடப்பதே வைத்தியம் என்பதை இரு தரப்பும் ஏற்கவில்லை. இன்று ஸ்க்ரூவும் ராடும் வைத்து எலும்பை உறுதியாக்கிய பிறகும் மூச்சைக் கண்டு அஞ்ச எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. தவிர்க்க வேண்டியது மூச்சை அடக்கிக்கொண்டு முக்குவதுதான். முறிவு உறுதிப்படாத நிலையில் நோயாளியின் வயிற்றை அமுக்கி இருமவைப்பதும் கூடாது.

முதுகுக்கு மூச்சுத் தசைகளே துணை நிற்கின்றன என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 1997இல் பால் ஹாட்ஜஸ், ஜேன் பட்லர், சைமன் கேண்டீவியா முதலியோர் வெளியிட்ட ஆய்வில், ஒருவர் கையை வேகமாகத் தூக்கும்போது, கை அசைவதற்குச் சற்று முன்பே உதரவிதானம் சுருங்குவது தெரிந்தது. மூச்சை இழுக்கும் வேலையோடு உடலின் நடுப்பகுதியை உறுதியாக நிறுத்தும் வேலையையும் அது செய்கிறது. உதரவிதானம் களைத்துப்போனவருக்கு நிமிர்ந்து உட்காருவதும் கடினமாகலாம்.

விபத்தே இல்லாமல் முறிவு காணும் ஒரு பெருங்கூட்டமும் இருக்கிறது. எலும்புப்புரை வந்த வயதான பெண்களுக்கு, குனிந்து குடத்தைத் தூக்கினாலே முள்ளெலும்பு நசுங்கிவிடுகிறது. இவர்களுக்குத் தண்டுவடம் பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் முதுகு கூன் விழ, விலா எலும்புகள் இடுப்பை நோக்கி இறங்க, மார்புக் கூட்டில் இடம் குறைகிறது. நெஞ்சுப் பகுதியில் நசுங்கும் ஒவ்வொரு முள்ளெலும்புக்கும் மூச்சுக் கொள்ளளவு சுமார் 9 விழுக்காடு குறைவதாக 1990இல் ஓர் ஆய்வு சொன்னது. பின்வந்த ஆய்வுகள் இந்தக் கணக்கில் ஒன்றுபடவில்லை. குறைவு இருக்கிறது என்பதை ஏற்கலாம், அந்த எண்ணை மட்டும் அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. இவர்களுக்கான பயிற்சியில் உடல் எந்த நிலையில் இருக்கிறது என்பது மிக முக்கியம். மேயோ மருத்துவ மையத்தில் மெஹர்சீத் சினாகி 1984இல் வெளியிட்ட ஆய்வில், முன்னால் குனியும் பயிற்சிகளை மட்டும் செய்த பெண்களில் 89 விழுக்காட்டினருக்குப் புதிய முறிவு ஏற்பட்டது. முதுகை நிமிர்த்தும் பயிற்சிகளைச் செய்தவர்களில் 16 விழுக்காட்டினருக்குத்தான். சிறிய ஆய்வு என்றாலும் இவ்வளவு பெரிய வேறுபாட்டைப் புறக்கணிக்க முடியாது. எனவே பாட்டிக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பவர்கள், ‘குனிந்து காற்றை எல்லாம் வெளியே விடுங்கள்’ என்று சொல்லவே கூடாது. முதுகைச் சாய்த்து, தோளை விரித்து, பக்கவாட்டில் விலா விரியும்படி இழுக்கச் சொல்ல வேண்டும். இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நிமிர்ந்தே இருமச் சொல்ல வேண்டும்.

இனி, எனக்கே கனமாகத் தோன்றும் மறுப்பு: ‘இதற்கெல்லாம் சான்று போதுமா?’ கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்டவர்களுக்கான மூச்சுத் தசைப் பயிற்சி பற்றி 2013இல் காக்ரன் அமைப்பு வெளியிட்ட தொகுப்பாய்வில் 11 ஆய்வுகள், மொத்தம் 212 பேர். மூச்சுக் கொள்ளளவும், இழுக்கும் பலமும், வெளியே தள்ளும் பலமும் கூடின. மூச்சிரைப்பு குறைந்ததா என்பதற்கு உறுதி கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நெதர்லாந்திலிருந்து வந்த ஆய்வு இன்னும் கடுமையானது: மறுவாழ்வு மையத்தில் பயிற்சி பெற்றவர்களின் இழுக்கும் பலம் பயிற்சி முடிந்தபோது கூடியிருந்தது; பின்னர் பார்த்தபோது பயிற்சி பெறாதவர்களோடு வேறுபாடு தெரியவில்லை. பயிற்சியால் பயனில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு இது நேர் எதிரானதைச் சொல்கிறது. உடற்பயிற்சிக் கூடத்துக்கு எட்டு வாரம் போய்விட்டு நிறுத்தியவரின் கை ஓராண்டுக்குப் பின் பழையபடி ஆனால், எடை தூக்குவதால் தசை வளராது என்று யாராவது முடிவு கட்டுவார்களா? நிறுத்தினால் பலம் போகும் என்பதே, அது தசைதான் என்பதற்கு அடையாளம். 2020இல் சிட்னியிலிருந்து, முன்பு சொன்ன பட்லரும் கேண்டீவியாவும் இருந்த குழு, 62 பேரைக் கொண்டு செய்த ஆய்வை வெளியிட்டது. ஆறு வாரம், நாளுக்கு இரண்டு முறை, தடையை எதிர்த்து மூச்சு விடும் பயிற்சி. ஒப்பீட்டுக் குழுவுக்குப் போலிக் கருவி. பயிற்சி பெற்றவர்களின் இழுக்கும் பலம் சராசரியாக 11 சென்டிமீட்டர் நீர் உயரத்துக்கு மேல் கூடியது. அதைவிட முக்கியமாக, தொடர்ந்த ஓராண்டில் அவர்களுக்கு நுரையீரல் கோளாறுகள் குறைவாக வந்தன. இன்னும் பெரிய ஆய்வுகள் வேண்டும். ஆனால் பயிற்சியால் ஏற்படும் தீங்கு சிறிது, பயிற்சி இல்லாததன் விலை நிமோனியா என்னும்போது, அதுவரை காத்திருக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பயிற்சி என்று எதைச் சொல்கிறோம் என்பதிலும் குழப்பம் இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த எல்லோர் கட்டிலருகிலும் மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவியைப் பார்க்கலாம். ‘ஊதுற மெஷின்’ என்று பெயர் வைத்துவிட்டதால் பலர் அதில் ஊதுகிறார்கள். அதில் இழுக்கத்தான் வேண்டும். சரியாக இழுத்தாலும், நுரையீரலை விரியச் செய்ய அது உதவுமே தவிர, தசைக்குப் பெரிய சுமை கொடுக்காது. பலத்துக்கான கருவி வேறு: உள்ளே ஸ்பிரிங் வால்வு ஒன்று இருக்கும், குறிப்பிட்ட அழுத்தத்தை எட்டினால்தான் திறக்கும். நோயாளியின் உச்ச பலத்தில் 30 விழுக்காடு அளவில் தொடங்கி வாரந்தோறும் ஏற்றுவது வழக்கம். தலை சுற்றினால் நிறுத்த வேண்டும். கழுத்திலோ மேல் நெஞ்சுப் பகுதியிலோ தண்டுவடம் அடிபட்டவருக்குத் திடீரென்று கடும் தலைவலியும் வியர்வையும் வந்தால், அது இரத்த அழுத்தம் எகிறுவதன் அறிகுறி. உடனே தலையை உயர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரை அழைக்க வேண்டும். இன்னொரு நுட்பமும் உண்டு. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உட்காருவதைவிடப் படுத்திருக்கும்போது மூச்சு எளிது. படுக்கையில் வயிற்று உறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளி வைக்கின்றன. உட்கார்ந்தால் அவை முன்னால் சரிய, உதரவிதானம் தட்டையாகிவிடுகிறது. வயிற்றைச் சுற்றி ஒரு பெல்ட் கட்டினால் அந்தக் குறை ஓரளவு தீர்கிறது. ‘மூச்சு முட்டுகிறது, உட்கார வையுங்கள்’ என்ற நம் வழக்கமான புத்தி இவர்களிடம் தவறாகிவிடும்.

‘நம்மிடம் பிராணாயாமம் இருக்கிறதே, ஸ்பிரிங் வால்வு எதற்கு?’ என்று கேட்பவர்களுக்கும் மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். மெதுவாக, ஆழமாக, கவனத்தோடு மூச்சு விடுவது மனத்தைத் தணிக்கும், வலியைத் தாங்க உதவும், நுரையீரலின் அடிப்பகுதியை விரியச் செய்யும். அதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் அதில் அளந்து ஏற்றும் சுமை இல்லை. ஆகவே பலப் பயிற்சிக்கு அது ஈடாகாது. வயிற்றை உதறி உதறிக் காற்றை வெளியேற்றும் கபாலபாதியும் நெடுநேரம் மூச்சை அடக்கும் கும்பகமும் புதிய முறிவுள்ளவர்களுக்கு வேண்டாம். பாட்டும் அப்படித்தான். மெல்போர்னில் ஜெனெட் டாம்ப்ளின் குழு கழுத்துத் தண்டுவடம் பாதிக்கப்பட்ட 24 பேரைக் கொண்டு செய்த ஆய்வில், பாடியவர்களுக்குக் குரலின் உரப்பும், ஒரே மூச்சில் குரலை நீட்டிப் பிடிக்கும் நேரமும் கூடின. வழக்கமான மூச்சு அளவைகளில் தெளிவான மாற்றம் இல்லை. ஆனாலும், படுக்கையிலிருந்து கூப்பிட்டால் அடுத்த அறையில் இருப்பவருக்குக் கேட்கும் குரல் சிறிய விஷயமல்ல. கருவி வாங்க வழியில்லாத வீட்டில் பாட்டும் உரத்த வாசிப்பும் ஒன்றுமில்லாததைவிட எவ்வளவோ மேல்.

மறுவாழ்வு என்பது மருத்துவத்தின் ஓர் அங்கம் என்பதை நம் மண்ணில் நிறுவியவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நடந்த கார் விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். பிறகு மறுவாழ்வு மருத்துவம் பயின்று வந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அந்தத் துறையை வளர்த்தார்; பாகாயத்தில் 1966இல் மறுவாழ்வு மையம் திறந்தது. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான நோயாளிகள் அப்படியொரு மையத்தைப் பார்க்காமலே, எலும்பு அறுவை சிகிச்சை வார்டிலிருந்து நேராக வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளில் எந்த ஸ்க்ரூ, எந்த மாத்திரை, எப்போது எக்ஸ்ரே என்பதெல்லாம் இருக்கும். மூச்சைப் பற்றி ஒரு வரி இருப்பது அரிது. இத்தனைக்கும் இருமலின் வேகத்தை அளக்க, ஆஸ்துமா நோயாளிகளுக்குப் பயன்படும் சாதாரண பீக் ஃப்ளோ மீட்டரே போதும்.

அதனால் இங்கே இருக்கும் மருத்துவர்களிடமும் பிசியோதெரபிஸ்ட்களிடமும் நான் கேட்பது மூன்று வரி: இருமலின் வேகம் எவ்வளவு, மூச்சை இழுக்கும் பலம் எவ்வளவு, வீட்டில் தினமும் எதை எத்தனை முறை செய்ய வேண்டும். அவற்றை டிஸ்சார்ஜ் தாளில் எழுதுங்கள். குடும்பத்தாருக்கு: அந்த மூன்று வரிகளும் இல்லையென்றால் வாசலைத் தாண்டாதீர்கள், உதவிக் கை கொடுத்து, அதாவது வயிற்றை அமுக்கி, இருமவைப்பது உங்கள் நோயாளிக்குப் பொருந்துமா என்று கேட்டு, பொருந்தும் என்றால் மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் முன்னாலேயே செய்து பார்த்துக் கற்றுக்கொண்டு போங்கள்.